கப்பல் படத்தில் காணாத மனிதர்

(தோட்டத்து வாசகசாலையில் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், லயத்து வீடு என்று பேசிப் பழகிய இந்த மேசைக்குப் பின்னால் இன்று ஒரு படத்தை மாட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன். இவர் ஏன் படம் காட்டக் கிளம்பிவிட்டார் என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது ஒரு சரக்குக் கப்பலின் படம். இங்கிலாந்தை விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில், தைல வர்ணத்தில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கப்பல் படங்களில் ஒன்றின் அச்சுப் பிரதி. உழைப்பவன் கண்ணால் இதைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்க வந்திருக்கிறேன்.

முதலில் படத்தில் இருப்பதைப் பார்ப்போம். நடுவில் நீளவாட்டில் கப்பல். கறுத்த உடல், நடுவே உயர்ந்த புகைபோக்கி, முன்னும் பின்னும் பாய்மரங்கள். நீராவிக் கப்பலுக்குப் பாய்மரம் எதற்கு என்று கேட்பீர்கள். அக்காலத்து எஞ்சினை முழுக்க நம்ப முடியாது. கரியும் விலை அதிகம். காற்று சும்மா கிடைக்கும்போது அதை ஏன் விடுவது என்று பாயையும் வைத்துக்கொண்டார்கள். கப்பலின் பின்கோடியில் சிவப்புக் கொடி. அது இங்கிலாந்து வணிகக் கப்பலின் கொடி. அதற்கு முன்னே பாய்மரத்தின் உச்சியில் இன்னொரு கொடி பறக்கிறது. அது கம்பெனிக் கொடி. தூரத்தில் ஒரு பாறையும் கலங்கரை விளக்கமும். முன்னால் சிறு படகொன்று அலையில் ஏறி இறங்குகிறது. துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் அதில் இருக்கிறார். வானத்தில் கொஞ்சம் மேகம், கடலில் கொஞ்சம் அலை. எல்லாம் அளவோடு.

லிவர்பூல் துறைமுகத்தில் சாமுவேல் வால்டர்ஸ் என்ற ஓவியர் இருந்தார். 1811இல் பிறந்து 1882இல் மறைந்தவர். அவருடைய தந்தை மைல்ஸ் வால்டர்ஸும் கப்பல் வேலை தெரிந்தவர், படமும் எழுதினார். தந்தையும் மகனும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் உண்டு. சாமுவேல் எழுதிய கப்பல் படங்கள் நூற்றுக்கணக்கானவை. பாய்க் கப்பல் காலத்தில் தொடங்கி நீராவிக் கப்பல் காலம் வரை அவர் தூரிகை ஓயவில்லை. அவரைப் போன்றோர் இங்கிலாந்தின் ஒவ்வொரு பெரிய துறைமுகத்திலும் இருந்தார்கள். ஹாங்காங்கிலும் கல்கத்தாவிலும் சீன ஓவியர்கள் இதே தொழிலைச் செய்தார்கள். கல்கத்தாவில் லாய் ஃபோங் என்பவர் வரைந்த கப்பல் படங்கள் இன்றும் ஏலத்தில் விலை போகின்றன.

இந்தப் படங்களை யார் எழுதச் சொன்னார்கள்? இரண்டு பேர். ஒருவர் கப்பல் முதலாளி. புதுக் கப்பல் நீரில் இறங்கியதும் அதன் உருவப்படம் அவர் ஆபீஸ் சுவரில் தொங்க வேண்டும். கல்யாணமானதும் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லையா, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் காப்டன். வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டை விட்டுப் பிரிந்திருப்பவர், தம் கப்பலின் படத்தை மனைவி மக்களுக்காக வாங்கிக்கொண்டு போவார். துறைமுகத்து மேடையில் உட்கார்ந்து ஓரிரு நாளில் எழுதிக் கொடுக்கிற மலிவு விலை ஓவியர்களும் அவருக்காக இருந்தார்கள்.

பணம் கொடுப்பவர் கப்பலை அறிந்தவர். அதனால் ஓவியர் மனம்போன போக்கில் எழுத முடியாது. கயிறு ஒன்று தவறான இடத்தில் கட்டியிருந்தால் காப்டன் கண்டுபிடித்துவிடுவார். புகைபோக்கியின் வர்ணம் கம்பெனி வர்ணமாக இருக்க வேண்டும். கொடி ஒரு பக்கம் பறக்க, புகை எதிர்ப்பக்கம் போனால் கேலிக்கு இடமாகும். இரண்டையும் அடிப்பது ஒரே காற்றல்லவா! இந்தக் கட்டுப்பாட்டால் நமக்கொரு நன்மை விளைந்திருக்கிறது. இப்படங்கள் பெரும்பாலும் நம்பகமான சாட்சிகள். பக்கச் சக்கரம் இருந்தால் பழைய காலம். அது மறைந்து பின்னால் நீருக்குள் சுழலும் விசிறி வந்திருந்தால் பிந்தைய காலம். பாய்கள் குறையக் குறையக் கப்பல் புதியது. கொடியைப் பார்த்தும் சொல்லலாம். 1864க்கு முன் கடற்படைக் கப்பல்களில் ஒரு பிரிவும் இதே சிவப்புக் கொடியைப் பறக்கவிட்டது. அந்த வருஷத்துக்குப் பிறகு அது வணிகக் கப்பலுக்கென்றே ஆயிற்று. கணக்குப் புத்தகத்தில் தேதி பார்ப்பதுபோல இதையெல்லாம் படத்தில் பார்க்கலாம்.

அதே காலத்தில் டர்னர் என்ற பெரிய ஓவியரும் ஒரு நீராவிப் படகை எழுதினார். 1842இல் காட்சிக்கு வைத்த அந்தப் படத்தில் பனிப்புயலும் கடலும் சுழன்று கலக்கின்றன. நடுவே படகு ஒரு கரும்புள்ளி. அதன் புகை எது, மேகம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அன்றைய விமரிசகர்கள் சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று பரிகாசம் செய்தார்கள். ஆனால் அதைப் பார்த்தால் ஒரு மனிதனுக்கு அந்த இடத்தில் என்ன நேரும் என்ற பயம் வருகிறது. முதலாளி ஆபீஸில் தொங்கிய படங்களைப் பார்த்தால் அந்தப் பயம் வராது. வரவழைக்க அவை எழுதப்படவும் இல்லை. சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துச் சரக்கு அனுப்புகிற வியாபாரிக்கு நம்பிக்கை பிறக்க வேண்டுமே தவிர, வயிற்றைக் கலக்கக் கூடாது.

சரி, இனி மனிதர்களைத் தேடுவோம். மேல்தளத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகச் சிலர் நிற்கிறார்கள். தொப்பி வைத்த ஒருவர் காப்டனாக இருக்கலாம். விரல் விட்டு எண்ணினால் பத்துப் பன்னிரண்டு பேர். இந்த அளவு கப்பலில் வேலை செய்தவர்கள் அத்தனை பேர்தானா? புகைபோக்கியிலிருந்து கரும்புகை கிளம்பிக் கொடியோடு பின்னோக்கிப் போகிறதே, அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? தானாக வருகிறதா?

கப்பலின் அடிவயிற்றில் பாய்லர்கள் இருந்தன. அவற்றின் முன் அடுப்பு வாய்கள். அங்கே இரண்டு வகைத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கரி அறையிலிருந்து கரியை வெட்டித் தள்ளுவண்டியில் கொண்டு வந்து அடுப்பின் முன் கொட்டுபவர் ஒரு வகை. அதை வாரி அடுப்பில் போடும் ஃபயர்மேன் மற்றொரு வகை. வாரிப் போடுவது என்றால் மண்ணை அள்ளிக் குழியில் போடுவதுபோல் அல்ல. கரி அடுப்பு முழுவதும் மெல்லியதாகப் பரவி விழ வேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் நீராவி குறையும். நீண்ட இரும்புக் கம்பியால் தீயைக் குத்திக் கிளறி, உருகிக் கட்டி தட்டிப்போன கழிவைப் பெயர்த்து, சாம்பலை இழுத்து, வாளியில் ஏற்றி மேலே அனுப்பிக் கடலில் கொட்ட வேண்டும். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். இரவு பகல் என்ற பேதமில்லாமல், பயணம் முடியும் வரை இதுவே முறை. நல்ல ஃபயர்மேனுக்குக் கை மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். பட்டைக்குள் ஆழம் போகாமல் உளியை ஓட்டுகிற உங்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அங்கே வெப்பம் 110, 120 டிகிரி பாரன்ஹீட் இருப்பது சாதாரணம். செங்கடலில் அதற்கும் மேலே போகும். இங்கே படத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். புகைபோக்கியின் அடியில், இரு பக்கமும், ஊமத்தம்பூவை வளைத்து வைத்தாற்போல வாய் அகன்ற குழாய்கள் நிற்கின்றன பாருங்கள். ஓவியர் அவற்றை ஒழுங்காக எழுதியிருக்கிறார். அவை காற்றுக் குழாய்கள். கீழே இருப்பவர்கள் மூச்சு விடுவதற்கு மேலே இருந்து காற்றைப் பிடித்து இறக்குபவை. கப்பலின் அடியில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் படம் கொடுக்கும் ஒரே அத்தாட்சி அந்தக் குழாய்கள்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். கப்பல் போகும் திசையிலேயே, அதே வேகத்தில், பின்னாலிருந்து காற்று அடித்தால் மேல்தளத்தில் காற்றே தெரியாது. கொடி தொங்கும். புகை நேரே மேலே எழும். ஓவியருக்கு அது அழகான காட்சி. பிரயாணிக்கு அமைதியான பொழுது. ஆனால் குழாய்க்குள் ஒரு மூச்சுக் காற்றும் இறங்காது. செங்கடலில் அப்படி நேர்ந்தபோது, ஃபயர்மேன்கள் மயங்கி விழ, காப்டன்கள் கப்பலை வந்த வழியே திருப்பிக் காற்றை எதிர்த்துச் சிறிது நேரம் ஓட்டி, கீழே காற்று இறங்கிய பிறகு மறுபடி பயணத்தைத் தொடர்ந்ததுண்டு.

இந்தத் தொழில் எப்படி நம் பக்கத்துக் கடலுக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்து எஞ்சின்கள் கரியைத் தின்று தீர்த்தன. தூர தேசத்துக்குப் போகும் கப்பலில் சரக்கு வைக்க வேண்டிய இடமெல்லாம் கரியே நிறைந்துவிடும். ஆகவே சீனாவுக்கும் மலாயாவுக்கும் பாய்க் கப்பல்தான் லாபம் என்றிருந்தார்கள். லிவர்பூலில் ஆல்பிரட் ஹோல்ட் என்பவர், ரயில் எஞ்சினியராகப் பயிற்சி பெற்றவர், ஒரே நீராவியை இரண்டு முறை வேலை வாங்கும் எஞ்சினைத் தம் கப்பல்களில் வைத்தார். கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது. 1866 ஏப்ரலில் அவருடைய அகமெம்னான் என்ற கப்பல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஏறத்தாழ 8,500 மைல் எங்கும் நிற்காமல் மொரீஷியஸ் சேர்ந்தது. அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்ததும் வழி இன்னும் குறுகிவிட்டது. நீலப் புகைபோக்கிக் கப்பல் என்று நம் துறைமுகங்களில் பின்னாளில் பேர்பெற்றவை அந்தக் கம்பெனியின் கப்பல்களே. பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

கரி மிச்சமானால் கரி போடுபவனுக்குச் சம்பளம் கூடியதா? அதுதான் இல்லை. சூயஸ் வழி திறந்த பிறகு கிழக்கே ஓடிய ஆங்கிலக் கம்பெனிகள் பல, எஞ்சின் அறைக்கு இந்தியத் தொழிலாளர்களைச் சேர்த்தன. லாஸ்கர் என்று அவர்களுக்குப் பெயர். பம்பாயில் ஏறியவர்களில் பஞ்சாபியர்கள் பலர், கல்கத்தாவில் ஏறியவர்களில் சில்ஹெட் ஜில்லாக் குடியானவர்கள் பலர். இவர்கள் வெயில் தேசத்தவர், சூட்டைத் தாங்குவார்கள் என்று கம்பெனிகள் காரணம் சொல்லின. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. வெள்ளை மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. படுக்க இடத்திலும் பேதம். 1894ஆம் வருஷத்துக் கப்பல் சட்டம் இங்கிலாந்து மாலுமிக்கு 72 கன அடி இடம் தர வேண்டும் என்றது. இந்தியச் சட்டப்படி லாஸ்கருக்கு 36 கன அடி போதும். ஒரே கப்பல், ஒரே அலை. உடம்பின் அளவும் ஒன்றுதான்!

அவர்களைச் சேர்த்த விதத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். ஸெராங் என்று ஒரு மேஸ்திரி. அவர் தம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் பிடித்து வருவார். வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். சம்பளத்திலும் அவருக்கு ஒரு பங்கு போகும். கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. கங்காணி என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், வாக்கியம் அப்படியே பொருந்துகிறது.

இனிப் படத்தின் கீழ்ப்பகுதிக்கு வருகிறேன். கப்பலின் உடல் தண்ணீரைத் தொடும் இடம். நான் காட்டும் இந்தப் படத்தில் கறுப்பு வர்ணத்துக்குக் கீழே செந்நிறப் பட்டை ஒரு விரல் அகலம் தெரிகிறது. அதாவது கப்பல் நன்றாக நிமிர்ந்து, தேவையான அளவு உயர்ந்து மிதக்கிறது. கழுத்தளவு அமிழ்ந்து மூழ்குவதுபோல் போகும் கப்பலைப் படம் எழுதச் சொல்லி எந்த முதலாளி காசு கொடுப்பார்? ஆனால் உண்மைக் கடலில் அப்படிப்பட்ட கப்பல்கள் ஏராளமாகப் போயின.

கணக்கு எளியது. கிராணி நண்பர்களுக்கு உடனே விளங்கும். ஒரு பயணத்தில் 100 டன் கூடுதலாக ஏற்றினால் அதன் கூலி அப்படியே லாபம். கப்பல் கரை சேர்ந்தால் லாபம் கையில். சேராவிட்டால்? கப்பலின் மதிப்புக்கு மேலாகவே இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அப்போதும் நஷ்டமில்லை. நஷ்டம் மாலுமியின் வீட்டுக்கு. பழைய ஓட்டைக் கப்பலுக்குப் புது வர்ணம் பூசிப் புதுப் பெயர் வைத்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று மாலுமிகளே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லா முதலாளியும் ஒரே ரகம் அல்ல. முன்னே சொன்ன ஹோல்ட் தம் கப்பல்களை வெளிக் கம்பெனியில் இன்ஷூர் செய்யவே இல்லை. போனால் தம் பணம் போகும் என்பதால் உறுதியாகக் கட்டினார், கவனமாக ஓட்டினார். தன் பணம் ஆபத்தில் இருக்கும்போது ஒருவருக்குத் தானாக வருகிற கவனம், பிறர் உயிர் மட்டும் ஆபத்தில் இருக்கும்போது மற்ற பலருக்கு வரவில்லை.

1866 ஜனவரி 11ஆம் தேதி லண்டன் என்ற நீராவிக் கப்பல் பிஸ்கே வளைகுடாவில் மூழ்கியது. 1864இல் கட்டப்பட்ட கப்பல், ஆகவே பழசு என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரும்புச் சரக்கும் கரியும் பாரமாக ஏற்றியிருந்தார்கள். புயலில் எஞ்சின் அறையின் மேல்மூடி உடைந்து கடல் உள்ளே புகுந்தது. அடுப்புகள் அணைந்தன. அடுப்பு அணைந்தால் எஞ்சின் நின்றது, எஞ்சின் நின்றால் கப்பல் அலையின் வசம். ஒரு படகில் 19 பேர் தப்பினார்கள். 200 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அப்படியானால் மோசமான கப்பலில் ஏறமாட்டேன் என்று மாலுமி சொல்லக்கூடாதா? சொல்லலாம், சொன்னால் சிறை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு கப்பல் ஏற மறுப்பது குற்றம். துறைமுகத்தில் கப்பலைக் கண்ணால் பார்த்து, இது கரை சேராது என்று அறிந்து, மறுத்தவர்களை நீதிபதிகள் வாரக்கணக்கில் சிறைக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலியாக இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோருக்கும் சட்டம் இதே பாஷையைத்தான் பேசியது. வேலையை விட்டு ஓடினால் கோர்ட்டு, பிறகு ஜெயில். 1910இல் அந்த முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆகவே அந்த மாலுமிகளின் நிலைமை நமக்கு அந்நியமானதல்ல.

இங்கிலாந்துப் பார்லிமெண்டில் சாமுவேல் பிளிம்சால் என்று ஓர் அங்கத்தினர் இருந்தார். 1824இல் பிரிஸ்டலில் பிறந்தவர். டெர்பி தொகுதிக்காரர். கப்பல்காரர் அல்ல. கரி வியாபாரம் செய்து ஒரு முறை நொடித்துப்போய், வறுமையை நேரில் கண்டவர். கப்பல் இவ்வளவுதான் அமிழலாம் என்று உடலில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் புறப்பட விடாதீர்கள் என்பது அவர் கோரிக்கை. அந்த யோசனை முதலில் அவருடையது அல்ல. நியூகாஸில் ஊரின் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே அதற்கு முன் அதைச் சொல்லிவந்தார். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னவர் பிளிம்சால். 1873இல் நமது மாலுமிகள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிற்சங்கங்கள் ஆதரித்தன. கூட்டங்கள் நடந்தன. விசாரணைக் கமிஷன் ஒன்று அமைந்தது.

1875 ஜூலை 22ஆம் தேதி. கப்பல் மசோதாவை இந்த வருஷம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று பிரதம மந்திரி டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் எழுந்தார். முஷ்டியை ஆட்டினார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் கயவர்கள் என்று சபையிலேயே கூவினார். சபையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, சபையில் பேசிய முறைக்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். சர்க்கார் அவசர அவசரமாகத் தற்காலிகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மறுவருஷம், 1876இல், கோடு போட வேண்டும் என்ற சட்டம் வந்தது.

அதிலும் ஓர் ஓட்டை வைத்திருந்தார்கள். கோடு கட்டாயம், ஆனால் அதை எங்கே போடுவது என்பது முதலாளியின் இஷ்டம்! கார்டிஃப் துறைமுகத்தில் ஒருவர் அதைப் புகைபோக்கியின் மேல் வரைந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதையோ நிஜமோ, சட்டத்தின் யோக்கியதை அதில் தெரிகிறது. பிறகு 14 வருஷம் போராட்டம், கமிட்டி, கணக்குப் பட்டியல் என்று இழுத்து, 1890இல்தான் கோட்டின் இடத்தையும் சட்டம் நிர்ணயித்தது. 1906இல் பிறநாட்டுக் கப்பல்களும் இங்கிலாந்துத் துறைமுகத்தில் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று வந்தது. அதே வேளையில் கோடு கொஞ்சம் மேலே நகர்த்தப்பட்டு, முன்னைவிட அதிகம் ஏற்ற இடம் கிடைத்தது என்ற புகாரும் எழுந்தது. 1930இல் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 1966இல் அது புதுப்பிக்கப்பட்டது.

ஆகவே தோழர்களே, அந்தக் காலத்துக் கப்பலில் தூரிகை இரண்டு இடத்தில் வேலை செய்திருக்கிறது. ஒன்று, ஆபீஸ் சுவரில் தொங்கிய துணியின் மேல். மற்றொன்று, கப்பலின் இரும்பு உடலின் மேல். 12 அங்குல வட்டம், அதன் நடுவே 18 அங்குலக் கோடு. ஓர் அப்ரண்டிஸ் பையன் அரை மணியில் பூசிவிடுவான். என்னைக் கேட்டால் இரண்டாவது தூரிகை வேலைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். வால்டர்ஸ் என்னை மன்னிப்பாராக.

பிளிம்சால் 1898இல் காலமானார். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சாலையில் 1929இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அதை வைத்தவர்கள் கப்பல் முதலாளிகள் அல்லர், சர்க்காரும் அல்ல. இங்கிலாந்து மாலுமிகளின் தேசியச் சங்கம், தன் அங்கத்தினர்கள் பேரால் வைத்தது.

இந்தக் கதையில் 1876 என்ற வருஷத்தை ஒருமுறை சொன்னேன். அதே வருஷம் வேறொரு காரியமும் நடந்தது. பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ஹென்றி விக்காம் என்பவர் சேகரித்த சுமார் 70,000 ரப்பர் விதைகள், அமேசோனாஸ் என்ற நீராவிக் கப்பலில் லிவர்பூல் வந்து சேர்ந்தன. விக்காம் பிற்காலத்தில் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதில் உப்பும் மிளகாயும் கொஞ்சம் அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் விதை வந்தது நிஜம். ஜூன் மாதம் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் விதைத்தார்கள். ஏறத்தாழ 2,700 முளைத்தன. மிச்சமெல்லாம் வீண். ஆகஸ்டில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இன்னொரு நீராவிக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றிலிருந்து 9 கன்றுகள் கோலக்கங்சாருக்குப் போயின.

விதை நீண்ட நாள் உயிரோடிராது என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். எண்ணெய்ப் பசை உள்ள விதை, சீக்கிரம் கெட்டுவிடும். பாய்க் கப்பலில் காற்றுக்காகக் காத்துக் கிடந்திருந்தால் 2,700 என்ன, 27கூட முளைத்திருக்குமோ சந்தேகம். ஆக, அந்தக் கப்பல் வேகமாகக் கரை சேர அடியில் நின்று கரி போட்ட யாரோ சிலர், நாம் காலையில் பெரட்டுக்கு நிற்பதற்கும் மங்கு கழுவுவதற்கும் ஒரு வகையில் காரணமாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. பிறகு நம்மவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கியதும் நீராவிக் கப்பலில்தான். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலாவை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் குறைவு. அது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

பினாங்குக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ போகும்போது, பிள்ளைகளை அழைத்துப் போனால், கப்பலின் நடுப்பகுதியில் தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்கள். வட்டமும் கோடும் இருக்கும். கறுத்த உடலில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ, வெளுத்த உடலில் கறுப்பாகவோ பூசியிருப்பார்கள். வட்டத்தின் இரு பக்கமும் இருக்கும் எழுத்துகள் அளவு சரிபார்த்த சபையின் அடையாளம். பக்கத்தில் ஏணிப்படிபோலச் சிறு கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'எஸ்' என்றால் கோடைக்காலக் கடல். 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். 'எஃப்' என்றால் ஆற்று நீர். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும், அதனால் அதற்குத் தனிக் கோடு. 'டி' என்றால் நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக் கடல். இங்கே கடல் பெரும்பாலும் சாது, ஆகவே இங்கிருந்து புறப்படும் கப்பல் கோடைக் கோட்டுக்கு மேலே, 'டி' வரைக்கும் பாரம் ஏற்றலாம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கைக் கடக்கும் சிறு கப்பல்களுக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு இருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது.